ஜோ லூயிஸை வீழ்த்தியது வயதா, எதிராளியா?

கடந்த தவணையின் இறுதி வாரம். பரீட்சை முடிந்து நாங்கள் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தோம். தரம் 11 மாணவர்கள் இருவர் ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றார்கள். தங்களுக்குள் ஒரு வாக்குவாதம், சேர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார்கள். போனில் பழைய குத்துச்சண்டைக் காணொளி ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். ரொக்கி மார்சியானோ என்பவர் ஜோ லூயிஸைக் கயிறுகளுக்கு வெளியே தூக்கி எறிவதுபோல் வீழ்த்தும் கறுப்பு வெள்ளைக் காட்சி அது. மார்சியானோ தன் வாழ்நாளில் 49 போட்டிகளில் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை, லூயிஸையும் அடித்து வீழ்த்தியிருக்கிறார், ஆகவே அவரே பெரியவர் என்பது ஒருவனின் வாதம். அன்று லூயிஸுக்கு என்ன வயது என்று பார்க்காமல் பேசக்கூடாது என்பது மற்றவனின் வாதம்.

ஓய்வறையும் உடனே இரண்டாகப் பிரிந்தது. விளையாட்டுப் பொறுப்பாசிரியர் வயதின் பக்கம் நின்றார். முப்பத்தைந்தைக் கடந்த குத்துச்சண்டை வீரன் பாதி வீரன்தான் என்றார். விஞ்ஞான ஆசிரியர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு வீரனுக்கும் சரிப்பட்டு வராத ஒரு பாணி இருக்கிறது, அந்தப் பாணிக்காரன் எதிரே வந்தால் இளமையும் காப்பாற்றாது என்றார். நான் வரலாறு கற்பிப்பவன். ஒரு மனிதனின் கடைசித் தோல்வியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது, முழு வாழ்க்கையையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பிள்ளைகளை அனுப்பிவைத்தேன். அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வி என்னை உறுத்துவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடுகளில் குத்துச்சண்டை என்றாலே முஹம்மத் அலிதான். என் வாப்பாவுக்கு வேறு எந்த வீரரின் பெயரும் தெரியாது. ஆனால் அலிக்கு முன்னர், கறுப்பின மனிதன் ஒருவன் உலக மேடையில் தலைநிமிர்ந்து நிற்க முடியும் என்று காட்டியவர் ஜோ லூயிஸ். அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் படித்தால், மாணவர்களின் வாதத்துக்கு வேண்டிய சான்றுகள் அதிலேயே கிடைக்கின்றன.

1914 மே 13ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் லூயிஸ் பிறந்தார். முழுப் பெயர் ஜோசப் லூயிஸ் பாரோ. எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். பெற்றோர் பிறர் நிலத்தில் பயிரிட்டு விளைச்சலில் பங்கு கொடுத்து வாழ்ந்தவர்கள். லூயிஸ் நடை பழகும் வயதிலேயே தந்தை மனநோயால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். தாய் மறுமணம் செய்தார். 1926இல் குடும்பம் வடக்கே டெட்ரொயிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. மோட்டார் தொழிற்சாலைகளின் நகரம் அது. போர்ட் நிறுவனத்தின் தொழிற்சாலையில் லூயிஸும் சில காலம் வேலை செய்தார்.

மகன் வயலின் கற்க வேண்டும் என்பது தாயின் ஆசை. அதற்காகக் கொடுத்த காசை எடுத்துக்கொண்டு மகன் போனது குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கு. 1932இல் அவர் ஆடிய முதலாவது அமெச்சூர் போட்டியில் ஏழு தடவை தரையில் விழுந்து தோற்றார். இதை என் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அன்று அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. வயது குறைவாக இருந்தது அந்த இரவில் எந்த உதவியும் செய்யவில்லை. தெரியாததைக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது, அவ்வளவுதான். இரண்டே ஆண்டுகளில் அவர் அமெரிக்காவின் தேசிய அமெச்சூர் சம்பியனானார். 1934 ஜூலை 4ஆம் திகதி சிக்காகோவில் தொழில்முறைப் போட்டியில் இறங்கினார்.

அவரை உருவாக்கியவர் ஜாக் பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர். இவர் முன்னாள் வீரர். ஓடி ஆடித் திரியும் பாணியை லூயிஸுக்கு இவர் கற்பிக்கவில்லை. பாதங்களைத் தரையில் ஊன்றி, சிறு சிறு அடிகளாக முன்னே நகர்ந்து, எதிராளியின் இடத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இடது கையால் நேரே நீட்டிக் குத்தும் ஜாப் குத்தினால் அவனைத் தடுமாற வைத்து, பின்னர் குறுகிய தூரத்தில் இரண்டு மூன்று குத்துகளைத் தொடர்ந்து இறக்க வேண்டும். இதுவே லூயிஸின் பாணி. பார்ப்பதற்கு மெதுவாக இருக்கும். ஆனால் கைகள் புறப்பட்டால் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பாணிக்கு எதிராளி அருகே வர வேண்டும், அல்லது ஓட இடமில்லாமல் நிற்க வேண்டும். வராமலும் நிற்காமலும் போக்குக் காட்டுபவனே இவருக்குத் தொல்லை. பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

அவருடைய முகாமையாளர் ஜோன் ரொக்ஸ்பரோ நடத்தைக்கும் விதிகள் போட்டிருந்தார். விழுந்த எதிராளியின் முன் சிரிக்கக் கூடாது, வெற்றியைக் கொண்டாடக் கூடாது, வெள்ளையினப் பெண்களோடு படம் எடுக்கக் கூடாது. 1908 முதல் 1915 வரை சம்பியனாக இருந்த கறுப்பினத்தவரான ஜாக் ஜோன்சனின் துணிச்சலான வாழ்க்கையை வெள்ளை அமெரிக்கா மன்னிக்கவில்லை. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதும் வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. லூயிஸ் அந்தப் பூட்டிய கதவின் முன் நின்றார். ஒரு சிறுபான்மைப் பிள்ளை பெரிய இடத்துக்குப் போகும்போது திறமையோடு சேர்த்து எத்தனை கூடுதல் பரீட்சைகளை எழுத வேண்டியிருக்கிறது என்பது எங்கள் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

1935இல் முன்னாள் சம்பியன்கள் இருவரை, பிரிமோ கார்னேராவையும் மாக்ஸ் பேயரையும், அடுத்தடுத்து வீழ்த்தினார். கார்னேரா இத்தாலியர். முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுக்குள் நுழையவிருந்த காலம் அது. ஆகவே அந்த வெற்றி வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

முதல் சான்று 1936 ஜூன் 19ஆம் திகதி கிடைக்கிறது. நியூயோர்க்கின் யாங்கி விளையாட்டரங்கில் எதிரே நின்றவர் ஜேர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங். லூயிஸுக்கு 22 வயது, ஷ்மெலிங்குக்கு 30. வயதுதான் எல்லாம் என்றால் அன்று இளையவர் வென்றிருக்க வேண்டும். ஆனால் ஷ்மெலிங் படித்துவிட்டு வந்திருந்தார். ஜாப் குத்தைப் போட்ட பின்னர் லூயிஸ் தன் இடது கையைக் கீழே இறக்கியபடி திரும்ப இழுக்கிறார் என்பதை அவர் கவனித்திருந்தார். அந்த இடைவெளியில் வலது கையைச் செலுத்தினார். திரும்பத் திரும்ப அதே குத்து. 12ஆம் சுற்றில் லூயிஸ் எழும்பவில்லை. போதாததற்கு, போட்டிக்கு முன்னர் பயிற்சியை விடவும் கோல்ப் விளையாட்டில் அவருக்கு மனம் போயிருந்தது. இளமை உச்சத்தில் நின்ற ஒருவரைப் பாணியும் கவனக்குறைவும் சேர்ந்து வீழ்த்திய இரவு அது. விஞ்ஞான ஆசிரியருக்கு ஒரு புள்ளி.

லூயிஸ் மனம் உடையவில்லை. அடுத்த ஆண்டு 1937 ஜூன் 22ஆம் திகதி சிக்காகோவில் ஜேம்ஸ் பிராடொக்கை 8ஆம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார். முதல் சுற்றில் தானே தரையில் விழுந்து எழுந்த பின்னர் கிடைத்த வெற்றி அது. மிகச் சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22ஆம் திகதி, ஷ்மெலிங் மறுபடியும் எதிரே வந்தார். ஹிட்லரின் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப் பெருமையின் அடையாளமாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 70,000 பேர் அரங்கில் இருந்தார்கள். வானொலிக்கு முன்னால் கோடிக்கணக்கானோர். 2 நிமிடம் 4 செக்கனில் முடிந்தது. எதிராளி அதே ஆள், பாணியும் அதே பாணி. மாறியிருந்தது லூயிஸ். தன் தவறைத் திருத்திக்கொண்டு, இம்முறை சிந்திக்க அவகாசமே கொடுக்காமல் பாய்ந்தார். எதிராளியின் பாணி ஒருவரின் தலையெழுத்து அல்ல, திருந்துவதற்கு உடம்பிலும் காலத்திலும் இடம் இருக்கும்வரை அதற்கு மருந்து உண்டு என்பதை இந்த இரண்டு நிமிடங்கள் காட்டின.

இரண்டாவது சான்று பில்லி கொன். 1941 ஜூன் 18. லூயிஸுக்கு 27 வயது, கொன்னுக்கு 23. கொன் ஹெவிவெயிட் பிரிவுக்கு உரியவரே அல்லர். அதற்குக் கீழுள்ள பிரிவில் சம்பியனாக இருந்தவர். இவரைவிட லூயிஸ் குறைந்தது 25 இறாத்தல் பாரம் கூடியவர். ஆனால் கொன்னின் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. குத்திவிட்டு நகர்ந்தார், நகர்ந்துகொண்டே குத்தினார். 12 சுற்றுகள் முடிந்தபோது மூன்று புள்ளி அட்டைகளில் இரண்டில் கொன் முன்னால் இருந்தார், ஒன்றில் இருவரும் சமம். மீதமிருந்த மூன்று சுற்றுகளையும் தள்ளி நின்று கடத்தியிருந்தால் பட்டம் அவருடையது. ஆசை விடவில்லை. லூயிஸை விழுத்தியே வெல்ல வேண்டும் என்று 13ஆம் சுற்றில் நெருங்கி நின்று மோதினார். லூயிஸுக்கு வேண்டியதும் அதுதான். சுற்று முடிய இரண்டு செக்கன் இருக்கும்போது கொன் தரையில் கிடந்தார்.

அதாவது ஓடி ஆடும் வீரர் லூயிஸுக்கு 27 வயதிலேயே பிரச்சினையாக இருந்தார். பிற்காலத்தில் அவருக்கு வந்த சங்கடங்களை வயதின் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் போட்டியை மறந்துவிடுகிறார்கள்.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 ஜனவரியில் லூயிஸ் இராணுவத்தில் சேர்ந்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு முறை பட்டத்தைப் பணயம் வைத்து ஆடி, ஒன்றில் கிடைத்ததைக் கடற்படையின் நிவாரண நிதிக்கும் மற்றதில் கிடைத்ததை இராணுவத்தின் நிவாரண நிதிக்கும் கொடுத்தார். சீருடையோடு 96 காட்சிப் போட்டிகளில் ஆடினார். ஏறத்தாழ 20 இலட்சம் படையினர் அவற்றைப் பார்த்தார்கள். அந்த இராணுவமோ கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்து வைத்திருந்த இராணுவம். பின்னாளில் பேஸ்போல் விளையாட்டில் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ரொபின்சனும் இன்னும் சில கறுப்பினத்தவரும் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளப்படாமல் இழுத்தடிக்கப்பட்டபோது, தன் செல்வாக்கைப் பயன்படுத்தி வழி திறந்தவர் லூயிஸ்.

அதே 1942இல் பிளாக்பர்ன் காலமானார். வயது ஏறுகிறது என்றால் கால் தளர்வது, மூச்சு வாங்குவது என்றே நாம் நினைக்கிறோம். நமது பிழையை நமக்குச் சொல்லித் தரக்கூடிய மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவதும் வயதுதான். ஷ்மெலிங் கண்டுபிடித்ததைப் போன்ற ஒரு பிழையை இன்னொருவர் கண்டுபிடித்தால், அதைத் திருத்தித் தர இனி அந்த மூலையில் பிளாக்பர்ன் இல்லை.

யுத்தம் முடிந்து 1946 ஜூனில் கொன்னோடு மறுபோட்டி. லூயிஸுக்கு 32, கொன்னுக்கு 28. நான்கு வயது இளையவரான கொன்தான் அதிகம் இழந்திருந்தார். இராணுவ சேவையில் கழிந்த ஆண்டுகள் அவருடைய கால்களின் வேகத்தை எடுத்துச் சென்றுவிட்டன. கால்தான் அவருடைய முதலீடு. லூயிஸின் முதலீடு கைகளில் இருந்தது, அது இன்னும் கரையவில்லை. 8ஆம் சுற்றில் போட்டி முடிந்தது. விளையாட்டுப் பொறுப்பாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் இங்கேதான் கைகுலுக்க வேண்டும். வயது எல்லாரையும் ஒரே இடத்தில் தாக்குவதில்லை. முதலில் கால், அடுத்து பார்வைக்கும் கைக்கும் இடையிலான வேகம், கடைசியாகத்தான் குத்தின் பலம். யார் எதை நம்பி ஆடுகிறாரோ, அதைப் பொறுத்தே அவருடைய முதுமை முந்தியும் பிந்தியும் வருகிறது.

மூன்றாவது சான்று ஜேர்சி ஜோ வோல்கொட். 1947 டிசம்பர் 5. லூயிஸுக்கு 33 வயது. வோல்கொட்டுக்கும் 33, அதுவும் சில மாதங்கள் மூத்தவர். ஆறு பிள்ளைகளின் தந்தை. வறுமையால் பல தடவை குத்துச்சண்டையை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. அவரோ பின்வாங்கியும் பக்கம் மாறியும் போக்குக் காட்டி, லூயிஸ் ஏமாந்த கணங்களில் குத்தி, முதலாம் சுற்றிலும் நான்காம் சுற்றிலும் அவரைத் தரையில் விழுத்தினார். 15 சுற்றுகள் முடிந்ததும் தான் தோற்றுவிட்டதாக நினைத்து, முடிவு அறிவிக்கப்படுமுன்னரே லூயிஸ் மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். மத்தியஸ்தர் வோல்கொட்டுக்கும் மற்ற இரு நடுவர்கள் லூயிஸுக்கும் தீர்ப்பளித்தார்கள். பட்டம் தப்பியது. கூட்டம் ஆட்சேபித்துக் கூச்சலிட்டது.

இருவருக்கும் ஒரே வயது என்னும்போது வயதைக் காரணமாகச் சொல்வது எப்படி? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். கொன்னும் வோல்கொட்டும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். 27 வயதில் அதற்குப் பதில் சொல்ல லூயிஸிடம் கால்களில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. 33 வயதில் அந்த மிச்சம் குறைந்துவிட்டது. பலவீனம் பழையது. அதை மூடி வைத்திருந்த இளமைதான் போய்விட்டது. ஆனாலும் 1948 ஜூனில் நடந்த மறுபோட்டியில் 11ஆம் சுற்றில் வோல்கொட்டை வீழ்த்தினார். கைகளின் பலம் இன்னும் இருந்தது. 1949 மார்ச் 1ஆம் திகதி சம்பியனாகவே ஓய்வை அறிவித்தார். 11 ஆண்டுகள் 8 மாதங்கள் பட்டம் அவரிடம் இருந்தது, 25 தடவை அதைக் காத்தார். ஹெவிவெயிட் பிரிவில் இதை இன்றுவரை எவரும் தாண்டவில்லை.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவிடாதது வரிக் கடன். பண விடயத்தில் லூயிஸ் கவனமில்லாதவர். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கூட இருந்தவர்கள் கணக்கை ஒழுங்காக வைக்கவில்லை. யுத்த நிதிக்குத் தானம் செய்த இரண்டு போட்டிகளின் பணமும் அவருடைய வருமானமாகவே கணக்கிடப்பட்டு வரி கேட்கப்பட்டது. வட்டியும் அபராதமும் ஏற, அக்கடன் 1950களில் பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. நாட்டுக்காகக் கொடுத்த மனிதரை அதே நாட்டின் வரித் திணைக்களம் மறுபடியும் மேடைக்குத் துரத்தியது.

1950 செப்டெம்பர் 27. வயது 36. எதிரே 29 வயதான எஸார்ட் சார்ல்ஸ், வேகமும் நுட்பமும் கொண்ட சம்பியன். 1941இல் ஏறத்தாழ 200 இறாத்தல் இருந்த லூயிஸ் இப்போது 218 இறாத்தல். 15 சுற்றுகளும் நின்றார், ஆனால் மூன்று நடுவர்களும் சார்ல்ஸுக்கே தீர்ப்பளித்தனர். பத்து மாதங்களின் பின்னர், 1951 ஜூலையில், அதே சார்ல்ஸை வீழ்த்தி உலக சம்பியனானவர் யார் தெரியுமா? வோல்கொட். 37 வயதில். அதற்கு முன்னர் சார்ல்ஸிடம் இரண்டு முறை தோற்றவர் அவர். லூயிஸைவிட மூத்தவர் ஒருவரால் முடிந்தது லூயிஸால் முடியவில்லை. வோல்கொட்டின் பாணி தந்திரத்தில் நின்றது, தந்திரத்துக்கு வயது தாமதமாகவே ஏறும்.

கடைசி இரவு 1951 ஒக்டோபர் 26. நியூயோர்க், மடிசன் ஸ்குவெயார் கார்டன். என் மாணவர்கள் போனில் பார்த்தது இதைத்தான். லூயிஸுக்கு 37 வயது. மார்சியானோவுக்கு 28. மார்சியானோ ஓடுபவர் அல்லர். குனிந்தபடி முன்னேறி, ஒன்று வாங்கி இரண்டு கொடுப்பவர். பாணியை மட்டும் பார்த்தால் லூயிஸ் விரும்பியிருக்க வேண்டிய எதிராளி. தேடிப் போக வேண்டியதில்லை, தானாகவே வருகிறார். தொடக்கச் சுற்றுகளில் ஜாப் குத்து வேலை செய்தது. அதற்குப் பின்னால் வரவேண்டிய வலது கை அரிதாகவே புறப்பட்டது. கண் வாய்ப்பைக் கண்டிருக்கும், கை அதற்குள் போய்ச் சேரவில்லை. 8ஆம் சுற்றில் இடது கையின் வளைந்த குத்தில் விழுந்தார். எழுந்தார். மறுபடி வந்த குத்துகளில் கயிறுகளுக்கு ஊடாக வெளியே சரிந்தார். சிறு வயது முதல் லூயிஸைக் கொண்டாடி வளர்ந்த மார்சியானோ, பின்னர் அவருடைய அறைக்குப் போய் அழுதார்.

ஆகவே பிள்ளைகளே, என் தீர்ப்பு இதுதான். 1936இல் வீழ்த்தியது எதிராளியின் பாணி. 1941இலும் 1947இலும் தடுமாற வைத்ததும் பாணிதான், இரண்டாவது முறை வயதும் அதற்குத் துணை நின்றது. 1951இல் வீழ்த்தியது வயது. மார்சியானோவின் பெருமையை நான் குறைக்கவில்லை. மறு ஆண்டு வோல்கொட்டையும் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தவர் அவர். ஆனால் லூயிஸை வென்றதை அவருடைய பெருமைக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது. அவர் வென்றது 1938இன் லூயிஸை அல்ல.

அலியின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. ஜோ பிரேசியரும் கென் நோர்டனும் ஜோர்ஜ் போர்மனிடம் இரண்டு சுற்றுகளுக்குள் வீழ்ந்தார்கள். அந்த இருவரிடமும் ஒவ்வொரு முறை தோற்றிருந்த அலி, 1974இல் போர்மனை 8ஆம் சுற்றில் வீழ்த்தினார். பாணி செய்யும் விளையாட்டு இது. 1980 ஒக்டோபரில் 38 வயதான அலியை லரி ஹோம்ஸ் அடித்தபோது பேசியது பாணி அல்ல. அலி இஸ்லாத்தை ஏற்றதையும் இராணுவத்தில் சேர மறுத்ததையும் லூயிஸ் ஒரு காலத்தில் வெளிப்படையாக விமர்சித்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. பின்னாளில் அந்தக் கசப்புத் தணிந்தது.

லூயிஸின் பிற்காலம் நீண்டது. பணத்துக்காக மல்யுத்த மேடை ஏறினார். தாய் இறந்தபோது மகனுக்கு விட்டுச் சென்ற சில நூறு டொலர்களையும் வரித் திணைக்களம் எடுத்துக்கொண்டது. 1970இல் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றார். லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதி ஒன்றில் விருந்தினரை வரவேற்று நிற்பதே அவருடைய தொழிலாயிற்று. 1977க்குப் பின்னர் சக்கர நாற்காலி. 1981 ஏப்ரல் 11ஆம் திகதி லாஸ் வேகாஸில் ஒரு போட்டியை நேரில் பார்த்தார். மறுநாள் மாரடைப்பால் காலமானார். வயது 66. அவர் கடைசியாகப் பார்த்த அந்தப் போட்டியில் மோதியவர்கள், அலியைச் சில மாதங்களுக்கு முன்னர் அடித்த லரி ஹோம்ஸும், அதே ஆண்டு டிசம்பரில் அலியின் கடைசிப் போட்டியில் அவரை வெல்லப்போகும் ட்ரெவர் பேர்பிக்கும்.

ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்தச் செலவில் பங்கெடுத்தவர்களில் ஷ்மெலிங்கும் ஒருவர். யுத்தத்துக்குப் பின்னர் இருவரும் நண்பர்களாகி, லூயிஸின் வறுமையில் ஷ்மெலிங் பண உதவியும் செய்து வந்தார். முதல் தோல்வியைக் கொடுத்த எதிராளி கடைசிவரை கூட நின்றார். கைதட்டிய 70,000 பேர் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன சொந்தக் காரணம். எனக்குக் கணிதம் கற்பித்த ஒரு சேர் இருந்தார். நான் ஆசிரிய கலாசாலைக்குப் போய் வெளியேறி, பல ஆண்டுகளின் பின்னர் அவரோடு ஒரே பாடசாலையில் கற்பிக்கும் பேறு கிடைத்தது. கேத்திரகணிதத் தேற்றம் ஒன்றைக் கரும்பலகையில் அவர் நிறுவிக் காட்டினால், மணி அடித்தாலும் நாங்கள் எழும்ப மாட்டோம். ஓய்வுபெறுவதற்கு முந்திய ஆண்டு அவருக்குத் தரம் 11 கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் மாலை வகுப்பில் குறுக்கு வழிகளைப் படித்துவிட்டு, விடை மட்டும் வேண்டும் என்று வந்து அமர்பவர்கள். காதும் கொஞ்சம் மந்தமாகியிருந்த அவருக்குப் பின்வரிசையின் சத்தம் பிடிபடவில்லை. பெற்றோர் முறையிட்டார்கள். வகுப்பை இளையவர் ஒருவருக்கு மாற்றக் கோரும் கடிதம் ஓய்வறையைச் சுற்றி வந்தது. நானும் கையெழுத்திட்டேன்.

கடிதத்தில் எழுதியிருந்தது பொய் அல்ல. அந்த வகுப்புக்கு அவர் பொருந்தவில்லை. ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது என்று மட்டுமே நாங்கள் எழுதினோம். எதிரே இருந்த வகுப்பின் பாணி மாறிவிட்டதை எழுதவில்லை. அதே ஆண்டு தரம் 8இல் அவருடைய பாடத்தைப் பிள்ளைகள் ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்ததையும் எழுதவில்லை. இளம் கணித ஆசிரியர்களுக்கு அவர் பிளாக்பர்னாக இருந்திருக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தினோம். அவர் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையெழுத்துகளைப் பார்த்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

போன பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பேரப்பிள்ளைக்கு முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டக் காட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, உட்கார்ந்து தேநீர் குடிக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர்களில் பாடசாலையிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். அவர்களை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. லூயிஸை 37 வயதில் மேடையேற்றியதே அநியாயம். எந்த வேலையில் அவர்களுடைய கை இன்னும் பலமாக இருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். கடன் தொல்லையால் ஒருவர் தன் சக்திக்கு மீறி ஓடுகிறாரா என்று விசாரிக்க வேண்டும். விசாரிப்பதற்கு ஓய்வு விழாவரை காத்திருக்கத் தேவையில்லை.

புதிய தவணை தொடங்கியதும் அந்த இரு மாணவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுவேன். இனி எந்தத் தோல்வியைப் பார்த்தாலும், அன்று அவருக்கு என்ன வயது, எதிரே நின்றவர் யார், எதற்காக அவர் மேடை ஏறினார் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதும்படி சொல்வேன். அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னர் நான் கேட்டிருக்க வேண்டியவையும் அவைதான்.